இது ஆற்றை கல்வெட்டு?

சென்ற மாசி மாதம் கிளிநொச்சியில் ஒரு கவிதை நூல் வெளியீடு நடந்தது. பாடசாலை மண்டபம். மேடையில் குத்துவிளக்கு, தாம்பாளத்தில் நாடா கட்டிய பிரதிகள், முன்வரிசையில் அதிபர்மாரும் ஊர்ப் பெரியவர்களும். நான் வாசலோடு போட்டிருந்த விற்பனை மேசையில் இருந்தேன். அந்த நூலின் உள்பக்கங்களை வடிவமைத்தவன் நான். அட்டை வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சலில் வந்தது.

முதற்பிரதி கொடுபடுவதற்கு முன்பே ஒரு அம்மா மேசைக்கு வந்தார். எழுபது வயதைத் தாண்டியிருக்கும். கவிஞரின் ஊர்க்காரி, அவன் தவழ்ந்த காலம் முதல் தெரிந்தவர். ஒரு பிரதியை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். முழு வெள்ளை அட்டை. மேற்பாதியில் மயிரிழை போன்ற சாம்பல் எழுத்தில் தலைப்பு. நடுவில் ஒரு தனிக் கறுப்பு இலை. அடியில், தலைப்பை விடவும் சின்னதாக, கவிஞரின் பெயர். அம்மா நிமிர்ந்து என்னைக் கேட்டார்:

"இது ஆற்றை கல்வெட்டு, ராசா?"

ஈழத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். ஆற்றை என்றால் யாருடைய. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வீட்டார் ஒரு சிறு நூல் அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, தேவாரங்கள், பிள்ளைகளும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் புலம்புவதாக எழுதப்பட்ட பாட்டுகள் எல்லாம் அதில் இருக்கும். அதைத்தான் கல்வெட்டு என்கிறோம். நீண்ட காலமாக அதன் அட்டை வெள்ளை. கறுப்புக் கரை, நடுவில் ஒரு பெயர், படம் கிடைக்காவிட்டால் ஒரு விளக்கோ ஒரு பூவோ. வேறு ஒரு புத்தகமும் இல்லாத வீட்டு அலுமாரியிலும் நாலைந்து கல்வெட்டு இருக்கும். அந்த அம்மா புத்தகம் தெரியாமல் கேட்கவில்லை. எத்தனையோ அட்டைகளைக் கையில் வாங்கிப் பழகிய கண்ணால் பார்த்துக் கேட்டார். வெள்ளையில் தனியாக ஒரு பெயர் நின்றால் அதன் பொருள் என்னவென்று அவருக்குத் தெரியும்.

கவிஞர் பக்கத்தில்தான் நின்றார். இருபத்தாறு வயதுப் பெடியன், முதல் புத்தகம். அன்று இரவு தொலைபேசியில் கேட்டார்: "அண்ணை, அவ கேட்டது சரிதானே?" சரிதான் என்றேன். ஏன் சரி என்பதை அப்போது சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அவருக்குத் தரவேண்டிய பதில்.

கல்வெட்டுகளே இப்போது வெள்ளையை விட்டுவிட்டன. இறந்தவரின் வண்ணப்படம், பின்னால் நல்லூர்க் கோபுரம் அல்லது மடு மாதா, ஓரத்தில் தாமரைப் பூக்கள் என்று பளபளப்பான தாளில் அச்சாகி வருகின்றன. என் மேசையிலேயே மாதத்துக்கு மூன்று நான்கு செய்கிறேன். உயிரோடு இருக்கும் இளைஞர்களின் கவிதைகளும் சிறுகதைகளும்தான் சாம்பலிலும் வெள்ளையிலும் கறுப்பிலும் வருகின்றன. கடந்த சில வருடங்களில் என் கைக்கு வந்த வன்னி எழுத்தாளர்களின் நூல்களை ஒருநாள் நிலத்தில் பரப்பிப் பார்த்தேன். பாதிக்கு மேல் இதே வகை: வெறும் தளம், மெல்லிய எழுத்து, தனியாக ஒரு சின்னம். பெயர்களை மறைத்தால் எது யாருடையது என்று சொல்ல முடியாது.

எனக்கு எளிமையான அட்டை பிடிக்காது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நான் தொழில் பழகியதே எளிமையில்தான். 1995இன் பெரிய இடப்பெயர்வுக்குப் பிறகு எங்கள் குடும்பம் வன்னிக்கு வந்தது. 1996இல் கிளிநொச்சியும் சண்டைக்குள் போனபின் கடைகளும் அலுவலகங்களும் மல்லாவிப் பக்கம் நகர்ந்தன. 1997இல், பதினாறு வயதில், அங்கே ஓர் ஓலைக் கொட்டிலில் இயங்கிய அச்சகத்தில் அச்சுக்கோப்புப் பழகப் போனேன். காலால் மிதிக்கும் இயந்திரம், ஈய எழுத்து, இரவில் அரிக்கன் லாம்பு. பொருளாதாரத் தடைக் காலம். நல்ல தாள் வருவதில்லை. வரும் தாள் கோடு போட்ட கொப்பித் தாளாக இருக்கும், அல்லது பொதி சுற்றும் மண்ணிறத் தாளாக இருக்கும். மை கறுப்பு ஒன்றுதான், அதையும் மண்ணெண்ணெய் விட்டு இளக்கித்தான் பாவிப்போம்.

அந்த அச்சகத்தில் இருந்த மூத்த அச்சுக்கோப்பாளரை நாங்கள் பெரியவர் என்றுதான் கூப்பிடுவோம். அட்டைக்குப் போடும் அளவுக்குப் பெரிய எழுத்து எங்களிடம் இல்லை. பெரியவர் பழைய செருப்பின் றப்பரை எடுத்து, அதில் எழுத்தை இடம்வலம் மாற்றி வரைந்து, சவர அலகால் வெட்டுவார். பலகைத் துண்டில் ஒட்டி, மற்ற எழுத்துகளின் உயரத்துக்குச் சரிபார்த்து இயந்திரத்தில் பூட்டுவார். தலைப்பு அட்டையின் அரைவாசிக்கு வரும். அதற்குக் கீழே ஆசிரியர் பெயர், ஒரு கோடு, அவ்வளவுதான். படமில்லை, நிறமில்லை. மண்ணிறத் தாளில் கறுப்பு எழுத்து. இன்றைய அளவுகோலால் பார்த்தால் இதைவிடக் குறைவாக ஓர் அட்டை செய்ய முடியாது. ஆனால் தெருவின் அந்தப் பக்கத்தில் சைக்கிளில் போகிறவனுக்கும் தலைப்பு வாசிக்கலாம்.

ஒருமுறை நான் தலைப்பைச் சின்ன எழுத்தில் கோர்த்துவிட்டு, சுற்றி வெறும் இடம் விட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். அழகாக இருப்பதாக நினைத்தேன். பெரியவர் படி எடுத்த தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, இவ்வளவு தாளையும் சும்மா விட எங்களிட்டத் தாள் கிடக்கே? விட்ட இடம் எழுத்துக்கு உதவ வேணும். இது எழுத்தை விழுங்குது." நான் வேறு எங்கும் வடிவமைப்புப் படிக்கவில்லை. படித்த பாடம் அதுதான்.

இப்போது அந்தக் கவிதை நூலின் அட்டைக்கு வருகிறேன். அதைச் செய்தவர் திறமையில்லாதவர் அல்ல. மின்னஞ்சலில் அவர் எழுதியிருந்தார்: உலகம் முழுக்க இப்போது இதுதான் போக்கு, அட்டை கத்தக் கூடாது, வெறுமை பேச வேண்டும். அந்த உலகத்துக்கு அது பொருந்துகிறது என்று எனக்கும் விளங்குகிறது. பெரிய நகரங்களின் புத்தகக் கடையில் ஆயிரம் அட்டைகள் ஒரே நேரத்தில் நிறத்தையும் படத்தையும் கொட்டும்போது வெறுமையான அட்டைதான் தனித்துத் தெரியும். அந்த வெறுமை நெரிசலுக்குச் சொல்லும் மறுமொழி. எங்கள் ஊர்ப் புத்தகக் கடை என்பது கொப்பி, பேனை, கடந்தகால வினாத்தாள், பஞ்சாங்கம் விற்கும் கடை. அதன் ஒரு தட்டில் பத்துப் பதினைந்து இலக்கிய நூல்கள் கிடக்கும். இங்கே மறுமொழி சொல்வதற்கு நெரிசலே இல்லை. முந்நூறு பிரதி அச்சிட்ட புத்தகத்துக்கு விளம்பரம் இல்லை, பத்திரிகை மதிப்புரை வந்தால் அதிர்ஷ்டம். அட்டை ஒன்றுதான் அதற்கு இருக்கும் வாய். அந்த வாயையும் கட்டிவிட்டோம்.

வெறுமையான அட்டைக்கு மேற்கோளாக எப்போதும் சில பெயர்கள் வரும். பிரான்சின் கலிமார் பதிப்பகம் 1911 முதல் வெளியிடும் வெளிர்மஞ்சள் அட்டைத் தொடர் ஒன்று. கறுப்புக் கட்டம், அதற்குள் இரண்டு சிவப்புக் கோடு, சிவப்பில் தலைப்பு. படம் கிடையாது. உண்மையில் அழகானதுதான். ஆனால் அந்த வெறுமையைத் தாங்குவது நூறு வருடத் தொடர். வாசகருக்கு அந்த வெளிர்மஞ்சளைக் கண்டவுடனேயே இது இன்ன வீட்டுப் பிள்ளை என்று தெரியும். முதல் புத்தகத்தைத் தன் காசில் போடும் பரந்தன் பெடியனுக்கு அந்த வீடு இல்லை. தொடரின் அடக்கத்தைத் தனி நூலுக்கு உடுத்தினால் அடக்கமாகத் தெரியாது. பெயரில்லாததாகத் தெரியும்.

இன்னொன்று பெங்குவின். 1935இல் அலன் லேன் தொடங்கியபோது எட்வர்ட் யங் என்ற இளைஞர் செய்த அட்டை: மூன்று கிடைப்பட்டைகள், நடுப்பட்டையில் தலைப்பு, கீழே பறவை. ஆறு பென்சுக்கு விற்றார்கள். எளிமைக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் இதைத்தான் காட்டுவார்கள். ஆனால் மேலும் கீழும் இருந்த பட்டைகளின் நிறத்தை மறந்துவிடுகிறார்கள். நாவலுக்குக் கொழுத்த செம்மஞ்சள், துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்கு அடர்நீலம். புகையிரத நிலையத்தில் ஓடிக்கொண்டே வாங்குகிறவனுக்கும் தெரியும் நிறம். அது குறைவான பொருள்களால் செய்த அட்டை, குறைந்த குரலில் பேசிய அட்டை அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணியதில்தான் எங்கள் பிழை தொடங்குகிறது.

யான் சிகோல்ட் என்ற ஜெர்மானியரையும் நினைத்துக்கொள்வேன். அணிகலன் இல்லாத நேர்க்கோட்டு எழுத்து, சமச்சீரற்ற அமைப்பு, வெற்றிடம் என்று இன்றைய போக்குக்கு அடிப்படை போட்டவர்களில் முன்னால் நின்றவர். 1928இல் அதற்கு ஒரு முழு நூலே எழுதினார். 1933இல் நாசிகள் அவரைப் பிடித்து அடைத்தார்கள். வெளியே வந்து சுவிற்சர்லாந்துக்குப் போனார். பின்னாளில் தன் பழைய கொள்கையின் கண்டிப்பிலேயே ஓர் அதிகாரக் குரல் இருந்ததாகச் சொல்லி, மரபான எழுத்துகளுக்கும் நடுவில் அமைக்கும் முறைக்கும் திரும்பினார். 1947 முதல் 1949 வரை பெங்குவின் நூல்களைச் சீர்ப்படுத்தியது அந்தத் திரும்பிய மனிதர்தான். அவருடைய இளமைக் கொள்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் பிறகு யோசித்ததை விட்டுவிடுகிறோம்.

இதெல்லாம் இலத்தீன் எழுத்தின் கதை. எனக்கு உண்மையான கோபம் வருவது தமிழ் எழுத்துக்கு நடப்பதைப் பார்க்கும்போது.

அந்த அட்டையின் தலைப்பில் மூன்று சொல், ஐந்து புள்ளி. அச்சாகி வந்த பிரதிகளில் இரண்டு புள்ளி காணவில்லை. எழுத்தே மயிரிழை, அதன் மேல் வைத்த புள்ளி எந்த அளவு இருக்கும்? அதையும் வெளிர்சாம்பலில் அடித்தால்? சாம்பலைத் தனி மையாக அடிப்பதில்லை, கறுப்பு மையைப் பொட்டுப் பொட்டாக உடைத்துத்தான் அடிக்கிறார்கள். அந்தப் பொட்டுகளுக்கு இடையில் எழுத்தின் புள்ளி விழுந்துவிடும். கறுப்புத் தளத்தில் வெள்ளை எழுத்து என்றால் இன்னும் மோசம். ஆழ்ந்த கறுப்பு வேண்டும் என்று நாலு மையையும் ஒன்றன்மேல் ஒன்று அடிப்பார்கள். ஒரு நிறம் மயிரளவு விலகினாலும் உள்ளே இருக்கும் மெல்லிய எழுத்தை மை நிரப்பிவிடும். ஆங்கில எழுத்தில் 'ஐ'யின் தலைப்பொட்டுப் போனால் சொல் மாறாது. தமிழில் புள்ளி போனால் பல் பல ஆகும், மண் மண ஆகும். புள்ளி அலங்காரம் இல்லை, அது ஓர் ஒலியை நிறுத்தும் கை.

மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியமே விதித்திருக்கிறது. ஓலையில் எழுதியவர்கள் ஏடு துளைபடும் என்று அதைப் பெரும்பாலும் விட்டார்கள். வாசிப்பவர் இடம் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அச்சு வந்தபிறகுதான் புள்ளி திரும்பவும் தன் இடத்தில் உறுதியாக உட்கார்ந்தது. மல்லாவியில் நான் கோர்த்த ஒவ்வொரு புள்ளியும் ஈயத்தில் தொட்டுணரக்கூடிய பொருளாக இருந்தது. அதை இப்போது அழகுக்காக மறுபடியும் தொலைக்கிறோம்.

புள்ளி மட்டுமில்லை. எ, ஏ இரண்டையும் பிரிப்பது ஒரு சின்னக் கோடு. கி, கீ இரண்டையும் பிரிப்பது ஒரு சுழி. ண, ன, ள மூன்றும் வளைவுகளின் எண்ணிக்கையிலும் முடிவிலும்தான் வேறுபடுகின்றன. இவற்றை எல்லாம் ஒரே தடிப்புள்ள கம்பியை வளைத்ததுபோல் வரைந்து, வளைவுகளைச் சதுரமாக்கி, இலத்தீன் எழுத்தின் சாயலுக்குக் கொண்டுவரும் எழுத்துருக்கள் இப்போது நிறைய. பெரிதாகப் பார்த்தால் நவீனமாகத் தெரியும். அட்டையில் சின்னதாக வைத்தால் எழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பும். தொலைபேசித் திரையில் விரல் நகம் அளவுக்குச் சுருங்கினால் ஒரு சாம்பல் கோடுதான் மிஞ்சும்.

எழுத்துகளுக்கு இடையில் இடைவெளி விட்டுப் பரப்புவதும் இலத்தீன் பெரிய எழுத்துகளிலிருந்து வந்த வழக்கம். அங்கே ஒவ்வொரு எழுத்தும் தனி. இங்கே கொம்பும் காலும் மெய்யோடு சேர்ந்துதான் ஓர் எழுத்து. "கொடி" என்பதைப் பரப்பினால் கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம், கால் இன்னொரு பக்கம் என்று சிதறும். இலங்கை அச்சகங்களில் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துரு வைத்திருக்கிறோம். வெளிநாட்டிலிருந்து ஒருங்குறியில் வரும் கோப்பை இந்திய மொழிகளுக்கு ஒழுங்கு செய்யாத மென்பொருளில் திறந்தால், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அப்படியே அச்சாகிய அட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரு பெண் தன் தகப்பனைப் பற்றி எழுதிய நூல். தகப்பனின் பெயரிலேயே கொம்பு இடம் மாறிவிட்டது. அவர் அதை யாரிடமும் முறையிடவில்லை. பேனையால் ஒவ்வொரு பிரதியிலும் திருத்திக் கொடுத்தார்.

ஆங்கிலத் தலைப்பைப் பெரிதாகப் போட்டுத் தமிழைக் காலடியில் வைக்கும் அட்டைகளும் வருகின்றன. வன்னியில் இருப்பவனுக்கு இது வேறுவிதமாக வலிக்கும். 1987இன் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆனது. ஆனாலும் எத்தனையோ பெயர்ப்பலகையில் தமிழ் சிறுத்தும் பிழையோடும் நிற்பதைப் பார்த்துக்கொண்டுதான் தெருவால் போகிறோம். அதை நாங்கள் குறை சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். எங்கள் கையில் முழுதாக இருக்கும் இடம் எங்கள் புத்தக அட்டை. அங்கேயும் தமிழை நாங்களே சிறுக்க வைத்தால் பிறகு எந்தப் பலகையைக் காட்டி என்ன கேட்பது?

நிறத்துக்கு வருகிறேன். வெள்ளை அமைதி, கறுப்பு ஆழம், சாம்பல் அடக்கம் என்கிறார்கள். நிறத்துக்கு அப்படி எல்லா ஊருக்கும் பொதுவான அகராதி கிடையாது. எங்களுக்கு வெள்ளை என்றால் செத்த வீட்டுச் சேலை, சந்தியில் கட்டும் வெள்ளைக் கொடி. 2009க்குப் பிறகு இன்னொன்றும். மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெள்ளைத் தறப்பாளின் கீழ் இருந்தோம். காலை பத்து மணிக்கு அந்த வெள்ளைக்குள் இருக்க முடியாது, கண் கூசும், உடம்பு அவியும். அந்த வெள்ளையை அமைதி என்று என்னால் வாசிக்க முடியாது. அந்த நினைவைத் தெரிந்துகொண்டு ஒருவர் வெள்ளையை வைத்தால் அது பெரிய அட்டையாக வரலாம். தெரியாமல் வைப்பதுதான் என் முறைப்பாடு.

இந்த வெறுமை எல்லாமே வெளியிலிருந்து வந்ததும் இல்லை. ஒரு பகுதி எங்கள் பயத்திலிருந்தும் வந்தது. போர் முடிந்த பின் சில வருடங்கள் நான் செய்த அட்டைகளில் சிவப்பையும் மஞ்சளையும் பக்கத்தில் வைக்கவே மாட்டேன், புலிகளின் கொடி நிறம் என்று பார்ப்பார்கள். ஓர் அச்சகத்தில், மாவீரரை நினைவூட்டும் கார்த்திகைப் பூப் படம் போட்ட அட்டையை அடிக்க மறுத்துத் திருப்பித் தந்தார்கள். ஒரு மலர்தான், மாரி தொடங்க எங்கள் வேலியில் தானாகப் படரும் கொடி. அவர்கள் பயந்ததை நான் குறை சொல்லவில்லை. பிறகு செம்மஞ்சள் போனது, அடர்சிவப்புப் போனது. யாரும் கேள்வி கேட்காத நிறங்கள் மிஞ்சின: சாம்பல், வெள்ளை, மங்கிய நீலம். பயத்தால் ஒதுங்கிய நிறங்கள் இப்போது இரசனை என்ற பெயரில் ஒதுங்கியே இருக்கின்றன. இளையவர்களுக்கு அந்தக் காரணம் தெரியாது. அவர்கள் எங்கள் அட்டைகளைப் பார்த்து இதுதான் வன்னிப் புத்தகத்தின் நிறம் என்று நினைக்கிறார்கள்.

வன்னியின் நிறம் அதுவா? காலபோக நெல் குடலைப் பருவத்தில் நிற்கும்போது இரணைமடுவுக்குக் கீழே ஒருமுறை போய்ப் பாருங்கள். அந்தப் பச்சைக்குள் நீலமும் கறுப்பும் கலந்திருக்கும். மாசியில் அதே வயல் பொன்னாகிவிடும், அறுத்தபின் ஒட்டு வயல் வெளிறிய வைக்கோல் நிறம். பாலைப்பழத்தின் மஞ்சள், முதிரைப் பலகையை அரிந்தவுடன் வரும் பொன்மஞ்சள், கிரவல் தெருவின் காவி, வற்றாப்பளைப் பொங்கலில் உப்பு நீரில் எரியும் விளக்கின் சுடர். இதில் ஒரே ஒரு நிறத்தை எடுத்து அட்டை முழுக்கப் பூசி, அதன்மேல் கனத்த தமிழ் எழுத்து வைத்தால் அதுவும் குறைவான அட்டைதான். யாருக்கு வேண்டுமானாலும் அதைக் காட்டலாம்.

நடைமுறைக் காரணங்களும் உண்டு. மங்கல் லமினேற்றிங் போட்ட வெள்ளை அட்டை எங்கள் தெருத் தூசியில் ஒரு மாதம் தாங்காது. விரல் பட்ட இடமெல்லாம் காவி ஏறும். கடைக் கண்ணாடிக்குள் வெயில் படும்படி வைத்தால் சாதாரண அச்சு மையில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுக்கும், நீலமும் கறுப்பும் நின்றுபிடிக்கும். அதனால்தான் பழைய அட்டைகள் நீலம் பாரித்துக் கிடக்கின்றன. இளஞ்சிவப்பு, வெளிர்மஞ்சள் என்று மெல்லிய சாயம் பூசிய அட்டை எங்கள் வெயிலில் ஓர் ஆடி கழிய வெறும் தாளாகிவிடும்.

நல்லபடி செய்தவர்களையும் சொல்ல வேண்டும். சென்னையில் 1974இல் ராமகிருஷ்ணன் தொடங்கிய க்ரியா, எழுத்தின் அளவையும் வெற்றிடத்தையும் மதித்த பதிப்பகம். அவர்கள் விட்ட வெற்றிடம் எழுத்துக்கு உதவியது. ஓவியர் ஆதிமூலம் தன் கையால் எழுதிய தலைப்பெழுத்துகளைப் பாருங்கள். படமே தேவையில்லை. கோணலும் கனமுமாக அந்த எழுத்துகள் அட்டையில் ஆள்போல நிற்கும். அவர் இலத்தீன் எழுத்தைப் பார்த்துத் தமிழை ஒடுக்கவில்லை. தமிழின் வளைவை எடுத்து முறித்துப் பார்த்தார், அது முறியாமல் புது உருவம் எடுத்தது. அதற்கும் முன்னால் போனால், 1849இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் அச்சுக்கூடம் வைத்த காலத்து முகப்புப் பக்கங்களிலும் எழுத்து மட்டும்தான். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இடையில் ஒரு பூக்கோடு என்று வரிக்கு வரி குரலை ஏற்றி இறக்குவார்கள். எழுத்தால் மட்டும் அட்டை செய்வதை நாங்கள் யாரிடமும் கடன் வாங்கவேண்டியதில்லை.

இளையவர்கள் எடுத்துப் பார்க்க ஒன்று சொல்கிறேன். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்து 13 எழுத்துகள் உருமாறின. இலங்கையில் பழைய உருவங்கள் அதற்குப் பிறகும் கனகாலம் அச்சில் இருந்தன. நான் கோர்த்த ஈய எழுத்துகளில் லை, ளை, னை எல்லாம் தும்பிக்கை தூக்கியபடிதான் நின்றன. 'னா' வளைந்து கீழே சுழித்திருக்கும். அன்றாட வாசிப்புக்கு அவை திரும்ப வேண்டியதில்லை. ஆனால் ஓர் அட்டை முழுக்க ஒரு தும்பிக்கை 'லை' ஏறி நின்றால் எப்படி இருக்கும்? நூலகம் இணையத்தளம் 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்துவருகிறது. ஓர் இரவு உட்கார்ந்து அதில் பழைய அட்டைகளை மட்டும் பாருங்கள். கை எழுத்தின் எத்தனை வகை, ஒரே மையில் எத்தனை வேலை.

அந்தத் தம்பியின் நூல் இரண்டாம் பதிப்புக்குப் போகிறது. முந்நூறும் முடிந்துவிட்டது, நல்ல கவிதைகள் என்பதால் முடிந்தது. இந்த முறை அட்டையை நானும் அவரும் சேர்ந்து செய்தோம். தலைப்பை அவரையே தாளில் பெரிதாக எழுதச் சொன்னேன். பள்ளிக்கூடப் பலகையில் எழுதுகிற கை அவருக்கு, எழுத்துகள் சற்று வலப்பக்கம் சாயும். பென்சிலால் எழுதி, தூரிகையால் கனப்படுத்தி, படம் பிடித்து எடுத்தோம். தளத்துக்கு எந்த நிறம் என்று நாலு நாள் இழுபட்டோம். அவருக்குக் குடலை நெல்லின் பச்சை வேண்டும் என்று ஆசை, எனக்குக் கிரவல் காவி. கடைசியில் அவர் வயலிலிருந்து ஒரு நெல்லுத் தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். அந்தப் பச்சையை நாலு மையில் கொண்டுவர நாங்கள் பட்ட பாடு பெரிது. திரையில் சரியாக இருக்கும், அச்சில் சேறாகும். நீலத்தைக் குறைத்து, கறுப்பை ஐந்து வீதம் சேர்த்து, மூன்றாவது மாதிரியில்தான் வயல் தெரிந்தது. எழுத்து வெள்ளையில். கனத்த எழுத்தென்பதால் மை நிரப்பவில்லை. இலை இல்லை, வேறு சின்னமும் இல்லை.

இறுதி மாதிரி நேற்றுப் பின்னேரம் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்தது. இருவரும் வெளியே கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தோம். அவர் பச்சையைப் பார்த்தார். நான் புள்ளிகளை எண்ணினேன். முன்னட்டையில் ஐந்தும் இருந்தன. முதுகில் நாலுதான், கடைசி 'ம்' வெறும் ம ஆக நின்றது. சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, இரவு பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பினோம்.